பிறப்புச் சான்று இல்லாத நடைபாதைச் சிறுமிக்குப் பள்ளிச் சேர்க்கை

வணக்கம். சென்னையில் நடைபாதையில் வசிக்கும் ஒன்பது வயதுச் சிறுமியை, பிறப்புச் சான்று இல்லை, சேர்க்கைக் காலமும் முடிந்துவிட்டது என்று கூறித் தலைமையாசிரியர் திருப்பியனுப்பியதாக எழுதியிருந்தீர்கள். அவ்விரண்டு காரணங்களும் செல்லா. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, வயதுச் சான்று இல்லையென்று சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது. 15ஆம் பிரிவு, காலம் கடந்து வரும் குழந்தையையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. அங்கன்வாடிப் பதிவேடோ, அதுவும் இல்லாவிடில் தாயார் எழுதித் தரும் உறுதிமொழியோ வயதுக்குப் போதுமானது.

ஆகவே கோரிக்கையை எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். வாய்மொழியாக மறுப்பவர்கள் பெரும்பாலும் எழுத்தில் மறுக்கத் தயங்குவார்கள். மீண்டும் மறுத்தால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் மனுக் கொடுக்கலாம்.

எழுத்தே அறியாதவள் என்பதற்காக அவளை ஒன்றாம் வகுப்பில் அமர்த்த ஒப்புக்கொள்ளாதீர்கள். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்பதே 4ஆம் பிரிவு. நீங்கள் தொடங்க நினைக்கும் இலவச மாலை வகுப்பு அப்பயிற்சிக்குத் துணையாக இருக்கட்டும். பள்ளிக்கு மாற்றாக வேண்டாம், ஏனெனில் காலை உணவும் மதிய உணவும் பள்ளியில்தான் கிடைக்கின்றன, அத்தாயாருக்குப் பாடநூலைவிட அதுவே பெரிதாகத் தோன்றக்கூடும்.