பித்தப்பை ஒப்பரேஷனுக்குப் பிறகு தோள் ஏன் வலிக்கிறது?

கேள்வி: ஹட்டன் பக்கம் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் என் அம்மாவுக்கு வயது 52. பித்தப்பைக் கல்லுக்கு லெப்ரஸ்கோப் முறையில் (சிறு துளைகள் வழியாக) ஒப்பரேஷன் முடிந்து மூன்று நாள். காயம் அவ்வளவாக வலிக்கவில்லையாம். ஆனால் எழுந்து உட்கார்ந்தால் வலது தோள் குடைகிறது, மேல்வயிறு இறுக்கிப் பிடிக்கிறது. வாயு என்று சொல்லி, லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) எல்லோரும் இஞ்சி, உள்ளிக் கசாயம் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: வாயுதான், ஆனால் குடலில் சேரும் வாயு இல்லை. கருவிகள் உள்ளே வேலை செய்ய இடம் வேண்டும் என்பதற்காக வயிற்றுக்குள் காபனீரொட்சைட்டை நிரப்புவார்கள். கடைசியில் வெளியே விட்டாலும் கொஞ்சம் தங்கிவிடும். உட்கார்ந்தால் அது மேலேறி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான பிரிமென்றகட்டுக்கு அடியில் போய் நிற்கும். அந்தத் தசையின் நரம்பும் தோளின் நரம்பும் கழுத்தில் ஒரே மட்டத்தில் முள்ளந்தண்டுக்குள் நுழைவதால், வலி தோளில் இருப்பதாகத் தெரிகிறது. தோளில் கோளாறு எதுவும் இல்லை.

கசாயம் குடித்தால் ஏப்பம் வரலாம், இந்த வாயு அசையாது. அது இரத்தத்தில் கரைந்து மூச்சோடு போகவேண்டியது. பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் குறையத் தொடங்கி, ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும்.

அதுவரை, தோள் குடையும்போது தலையணை இல்லாமல் மல்லாந்து படுக்கட்டும்; சிலருக்கு உடனே லேசாகும். அதற்காகக் குளிருக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நாள் முழுக்கச் சுருண்டு கிடக்கக்கூடாது. லயத்து வாசலில், சமதரையில், அடிக்கடி கொஞ்ச தூரம் நடக்கட்டும். ஈரப் படிக்கட்டு வேண்டாம். இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அணைத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தோளில் துணி சுற்றிய வெந்நீர்ப் பை வைக்கலாம். கோடாலித் தைலம் தோளோடு நிற்கட்டும், வயிற்றுக் காயத்துக்குப் பக்கத்தில் போகவே கூடாது.

வலி உச்சத்துக்கு வரும்வரை பொறுக்காமல், 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பரசிற்றமோல் 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு கொடுக்கலாம். 24 மணித்தியாலத்தில் 8க்கு மேல் கூடாது. எடை 50 கிலோவுக்குக் குறைவென்றாலோ, ஈரல் நோய் இருந்தாலோ அளவைக் குறைக்க வேண்டும்; டொக்டரிடம் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் தந்த மாத்திரைகளிலும் பரசிற்றமோல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குக் கெஸ்ட்ரைட்டிஸ் இருந்தால் கடையில் இபுப்ரோஃபென் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

மேல்வயிற்று வலி நாளுக்கு நாள் குறையவேண்டும். மாறாகக் கூடினால், காய்ச்சல், விடாத வாந்தி, வயிறு வீங்குதல், கண் மஞ்சளாதல் என்று எது வந்தாலும் கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். மூச்சுத் திணறல், வியர்வையோடு நெஞ்சு வலி என்றால் உடனே 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள்.

இன்னொன்று. அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) போட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் அம்மா அவசரப்பட்டு மலைக்கு ஏறக்கூடும். கொழுந்துப் பாரம் தூக்குவதற்குச் சில வாரம் போகவேண்டும். எத்தனை வாரம் என்பதை ஒப்பரேஷன் செய்த டொக்டரிடமே கேட்டு, கடிதமாக வாங்கித் தோட்டத்தில் கொடுத்துவிடுங்கள்.