பயிற்சியில் டாக்கிளே (பந்து வைத்திருப்பவரை மோதிப் பிடித்து வீழ்த்துவது) வேண்டாம் என்ற அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துப் பயிற்சியாளர் ஜான் கலியார்டி எப்படி 489 ஆட்டங்களை வென்றார்?

முதலில் ஒரு விளக்கம்: டாக்கிள் பயிற்சியில்தான் கிடையாது, சனிக்கிழமை ஆட்டத்தில் உண்டு. பள்ளியிலேயே மோதக் கற்றுவிட்ட பையனுக்குக் கல்லூரியில் தேவைப்படுவது, எதிரணியின் நகர்வைப் பார்த்ததும் சரியான இடத்தில் போய் நிற்பது. அதனால் ஒரே ஆட்டத்திட்டத்தை முழு வேகத்தில் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, பிடித்துத் தள்ளும் நொடியில் நிறுத்திவிடுவார். பயிற்சி 90 நிமிடத்தைத் தாண்டாது. விசில் கிடையாது. தன்னை 'கோச்' என்றுகூட அழைக்கவிடமாட்டார், ஜான் என்றால் போதும்.

அவர் அதிக காலம் பயிற்சி தந்த மினசோட்டாவின் செயின்ட் ஜான்ஸ், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவான டிவிஷன் 3-இல் உள்ள கல்லூரி. அந்தப் பிரிவில் விளையாட்டு உதவித்தொகை தரக்கூடாது. அவரோ சேர வந்த யாரையும் கழிக்கவில்லை. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இருக்கும் அணியில் பயிற்சியிலேயே காயம் விழாமல் பார்த்துக்கொள்வது பெரிய லாபம், சனிக்கிழமை எல்லோரும் புதுத்தெம்போடு இறங்குவார்கள்.

மோன்டானாவின் கரோல் கல்லூரியில் 1949-இல் தொடங்கி, 1953 முதல் 2012 வரை செயின்ட் ஜான்ஸில் இருந்தார். நான்கு தேசியப் பட்டங்கள்: 1963, 1965, 1976, 2003. கடைசிப் பட்டம்தான் என் கணக்கில் உச்சம்: தொடர்ந்து 55 ஆட்டங்கள் வென்றிருந்த மவுன்ட் யூனியன் கல்லூரி அணியை 24-6 என்று வீழ்த்தினார்கள்.

இதைப் பார்த்து டாக்கிளை மட்டும் நீக்கிவிட்டு, திரும்பத் திரும்ப ஓடும் பயிற்சியைக் கூட்டாத அணிக்கு ஒன்றும் கிடைக்காது.