பத்து நாள் மௌனம், பதினோராம் நாள் கூச்சல்

கேள்வி: எனக்கு 42 வயது. ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சென்னை திருமுடிவாக்கம் பக்கத்தில் இருக்கும் விபஸ்ஸனா மையத்தில் பத்து நாள் தியான வகுப்பு முடித்து வந்தேன். வந்த முதல் வாரம் மிதப்பது போலிருந்தது. இப்போது ஒரு மாதம் ஆகிறது. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் உட்காரச் சொன்னார்கள். வாரத்தில் இரண்டு நாள் உட்கார்ந்தாலே பெரிது. போன வாரம், பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன் புத்தகத்துக்குள் போனை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். தெருவுக்கே கேட்கும்படி கத்திவிட்டேன். “இதுக்குத்தான் பத்து நாள் போய் உட்கார்ந்துட்டு வந்தியா?” என்றார் கணவர். வெட்கமாகப் போய்விட்டது. இன்னொரு முறை பத்து நாள் போய் வந்தால் சரியாகுமா? கணவரையும் அழைத்துப் போகலாமா?

— ஒரு வாசகி, திருச்சி

பதில்: இன்னொரு பத்து நாளைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் அந்தப் பத்து நாளில் என்னென்ன இல்லை என்று யோசித்துப் பாருங்கள். போனை வாங்கி வைத்துவிட்டார்கள். பேச்சு கிடையாது, ஜாடைகூடக் கூடாது. காலை நான்கு மணிக்கு எழுப்ப மணி அடித்தது. ஆறரைக்கு டிபன், பதினோரு மணிக்குச் சாப்பாடு, எல்லாம் யாரோ சமைத்து வைத்தது. “என் சட்டை எங்கே?” என்று கேட்க ஒருவரும் இல்லை. வேலைக்கும் போய் வீட்டையும் பார்க்கிற ஒரு பெண்ணுக்கு இதுவே பாதி நிம்மதி. அங்கே கிடைத்த அமைதியில் பெரும்பங்கு அந்த ஏற்பாட்டுக்குச் சொந்தம். அதைத் திருச்சிக்கு எடுத்து வர முடியாது. வரவில்லையே என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ளவும் வேண்டாம்.

நீங்கள் எடுத்து வந்தது வேறு. முதல் மூன்று நாள் மூச்சை மட்டும் கவனித்தீர்கள். நான்காம் நாளிலிருந்து தலை முதல் கால்வரை உடம்பில் எழும் உணர்வுகளைக் கவனித்தீர்கள்; கால் மரத்துப்போன பிறகும் உடனே மாற்றி வைக்காமல் இருந்து பழகினீர்கள். வீட்டில் உதவப்போவது அந்தப் பழக்கம்தான்.

மகன் கையில் போனைப் பார்த்த நொடியைத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். கத்துவதற்குச் சற்று முன் காது மடல் சூடாகியிருக்கும், அல்லது தாடை இறுகியிருக்கும். சிலருக்கு அடிவயிற்றில் ஓர் இழுப்பு வரும். உங்களுக்கு எது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அது வந்ததும் தலையிலிருந்து ஆரம்பித்துப் பார்த்துக்கொண்டிருக்க நேரமிருக்காது. பாதம் தரையில் படுவதை ஒரு தடவை உணருங்கள், ஒரு மூச்சை முழுதாக விடுங்கள். பிறகு கண்டிக்க வேண்டியதைக் கண்டியுங்கள். போனை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாலும் தியானத்துக்கு ஒரு பங்கமும் வராது.

ஆரம்பத்தில் இது நடக்காது. கத்தி முடித்த பிறகுதான் நினைவுக்கே வரும். புத்தர் தம் மகன் ராகுலனுக்குச் சொன்ன உபதேசம் ஒன்று மஜ்ஜிம நிகாயம் என்ற பௌத்த நூல் தொகுப்பில் இருக்கிறது. அப்போது ராகுலனுக்கு ஏழு வயது என்பார்கள். கண்ணாடி எதற்கு என்று கேட்கிறார். பார்ப்பதற்கு என்கிறான் பையன். அதுபோல எந்தச் செயலையும் பேச்சையும் நினைப்பையும், செய்வதற்கு முன் பார், செய்யும்போது பார், செய்த பிறகும் பார் என்கிறார். இதனால் எனக்கோ பிறருக்கோ துன்பம் வருமா என்பதுதான் கேள்வி. செய்த பிறகு தவறு என்று தெரிந்தால், விவரமறிந்தவரிடம் மறைக்காமல் சொல், இனி அடங்கி நட என்பது விதி. எல்லாம் முடிந்த பிறகு பார்ப்பதையும் அவர் பயிற்சியில் சேர்த்திருக்கிறார் பாருங்கள், எனக்குப் பிடித்தது அதுதான். நீங்கள் இப்போது நிற்பது அந்த மூன்றாவது இடத்தில். கொஞ்ச காலம் போனால் கத்திக்கொண்டிருக்கும்போதே பாதியில் தெரியவரும். அப்புறம் வாயைத் திறக்கும் முன்னாலேயே சில நாள் தெரியவரும். தியானம் பலிக்கிறதா என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இது ஒன்றுதான்.

ஆமாம், மகனிடம் பேசினீர்களா? “போன் விஷயத்தில் நான் சொன்னது சரிதான், ஆனா அப்படிக் கத்தியிருக்கக் கூடாது” என்று ஒரு வார்த்தை? கடிதத்தில் அதைக் காணோம். சொல்லிவிடுங்கள்.

இதெல்லாம் சாமியார்களுக்குத்தான் சரிப்படும் என்றும் நினைக்காதீர்கள். இந்த முறையை 1969-ல் இந்தியாவில் கற்பிக்க ஆரம்பித்த கோயங்காவின் குரு ஊ பா கின், உங்கள் துறைக்காரர். 1948-ல் பர்மா சுதந்திரம் பெற்றபோது அந்த நாட்டின் தலைமைக் கணக்காயராக ஆனவர். தம் அலுவலக ஊழியர்களுக்கே தியானம் கற்றுக்கொடுத்தார். அவருடைய குரு சயா தெட்ஜி ஒரு விவசாயி. இருவருமே குடும்பஸ்தர்கள்.

காலையும் மாலையும் ஒவ்வொரு மணி நேரம் என்பது மையத்தின் அறிவுரை. நான் சொல்வது அதைவிடக் குறைவு, அவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்: இப்போதைக்குக் காலையில் அரை மணி நேரம், போனைத் தொடுவதற்கு முன்னால், ஒரு நாளும் விடாமல். மாலையில் வேலையிலிருந்து வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்காராதீர்கள். வீடு உங்களுக்காகக் காத்திருக்கும் நேரம் அது; நீங்கள் உள்ளே மூச்சைப் பார்ப்பீர்கள், வெளியே பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாக இறங்கும். தூங்கும் முன் படுக்கையிலேயே ஐந்து நிமிடம், விழித்ததும் ஐந்து நிமிடம் என்றும் சொல்லி அனுப்பியிருப்பார்கள். அதனால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. மகனின் பொதுத்தேர்வு முடியும்வரை மாலைக்கு அது போதும்.

பகலில் ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். நடப்பது, திரும்பிப் பார்ப்பது, கையை மடக்குவது, மெல்லுவது, மலஜலம் கழிப்பது வரைக்கும் விழிப்போடு செய்யச் சொல்கிறதுதான் சதிபட்டான சுத்தம் என்ற புத்தரின் உபதேசம். எல்லாவற்றையும் ஒரேயடியாக எடுத்துக்கொண்டால் இரண்டாம் நாளே அலுத்துவிடும். வெங்காயம் நறுக்குவது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்து நிமிடம் பாட்டு வேண்டாம். அரிவாள்மனையில் கை போய் வருவது, கண் கரிக்கத் தொடங்குவது, பஸ் போய்விடுமே என்ற நினைப்பு ஓடி வருவது, அது தெரிந்ததும் மறுபடி வெங்காயம். அவ்வளவுதான். ஸ்கூட்டர் ஓட்டும்போது மட்டும் உடம்பைக் கவனிக்கும் வேலை கூடாது, கவனம் ரோட்டில் இருக்கட்டும்.

இன்னொரு பத்து நாள் இப்போது வேண்டாம். வருஷத்துக்கு ஒன்று என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள். வீடு தாங்க முடியாதபோதெல்லாம் ஓடிப்போகும் இடமாக அது ஆகிவிட்டால், ஒவ்வொரு முறை திரும்பும்போதும் வீடு இன்னும் கொஞ்சம் மோசமாகத் தெரியும். ஏற்கெனவே வகுப்பு முடித்தவர்களுக்கு ஒருநாள் வகுப்புகளும் கூட்டுத் தியானங்களும் நடக்கின்றன. உங்கள் ஊரில் உண்டா என்று மையத்தில் கேளுங்கள். துறவு வாழ்வில் பாதி நல்ல நட்புதான் என்று புத்தரின் சீடர் ஆனந்தர் சொன்னபோது, அப்படிச் சொல்லாதே, முழுவதுமே அதுதான் என்று புத்தர் திருத்தினார். ஒன்று மட்டும்: உட்காரத் தொடங்கியதிலிருந்து தூக்கம் கெடுகிறது, படபடப்பு அடங்கவில்லை என்றால், அதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கணவர் விஷயம். அவர் கேட்டது குத்தலாக இருந்தாலும், கேள்வி நியாயமானது. அந்தப் பத்து நாள் வீட்டையும் மகனையும் பார்த்துக்கொண்டது அவர்தானே? அதற்கு ஒரு நன்றி சொல்லுங்கள். வகுப்புக்கு வரச் சொல்லி நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். அவராகக் கேட்டால் விண்ணப்பத்தைக் காட்டலாம்.