1948-இல் மலாயாவில் என்னென்ன நடந்தன? பள்ளிக் காலவரிசையில் எவற்றைச் சேர்ப்பது?

பேராக்கின் சுங்கை சிப்புட்டில் படிவம் நான்கு படிக்கும் மகளிடம் 1948-ஆம் ஆண்டின் நாட்டு நிகழ்வுகளைத் தேதிவாரியாக எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு தேதிதான் கிடைத்தது, மற்றவற்றுக்கு எங்கே போவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த இரண்டும் மலாயாக் கூட்டரசு பிறந்த பிப்ரவரி 1-ஆகவும், கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக பிரிட்டிஷ் ஆட்சி நாடு முழுவதும் அவசரகாலம் அறிவித்த ஜூன் 18-ஆகவும்தான் இருக்கும். இரண்டும் கட்டாயம் வேண்டும். ஆனால் அவற்றோடு நிறுத்தினால் தோட்டத் தொழிலாளி அந்த வரிசையில் இருக்கவே மாட்டார். நம் ஆட்களின் வாழ்க்கையில் நேராகக் கைவைத்த சட்டத் திருத்தம் அவசரகாலத்துக்குப் பிறகு வந்ததல்ல, அதற்கு முன்பே வந்துவிட்டது. மகள் எழுதும்போது இந்த முன்பின் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற மாதங்களுக்கு இரண்டு மூன்று வரி போதும். ஜூனுக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம் விடச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 1: பிரிட்டிஷார் 1946-இல் அமைத்த மலாயன் யூனியன் போய் மலாயாக் கூட்டரசு வந்தது. ஒன்பது மலாய் மாநிலங்களும் பினாங்கு, மலாக்கா இரண்டும் சேர்ந்து மொத்தம் 11. சிங்கப்பூர் இதில் கிடையாது. குடியுரிமை விதி இறுகியதையும் இங்கேயே எழுதலாம். வெளியில் பிறந்து இங்கே வந்தவர் விண்ணப்பிக்க வேண்டுமானால் குறைந்தது 15 ஆண்டு இங்கே இருந்திருக்க வேண்டும், மலாய் அல்லது ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும். தமிழ் மட்டுமே தெரிந்த, ரப்பர் மரத்தில் பால்வெட்டும் தொழிலாளிக்கு இது எவ்வளவு தூரம் என்பதை மகளுக்கு நீங்களே சொல்லிவிடலாம்.

மார்ச்சில் மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சியின் மத்தியக் குழு கூடி, போராட்டப் பாதைக்குத் திரும்புவதென்று முடிவெடுத்தது. முந்தைய ஆண்டு தலைவர் லாய் டெக் தலைமறைவான பிறகு சின் பெங் பொறுப்புக்கு வந்திருந்தார். இதற்கு ஒரு வரி போதும்.

இனி தொழிற்சங்கச் சட்டம். போர் முடிந்த கையோடு நாடு முழுவதும் வேலைநிறுத்தங்கள் நடந்தன. அரிசி தட்டுப்பாடு, கூலி போதவில்லை. அப்போது அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம் என்ற ஒரே குடைக்குள் தோட்டம், ஈயச் சுரங்கம், துறைமுகம் என்று பல தொழில்களின் சங்கங்கள் இருந்தன. இதன் தலைமைக்கு வந்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த எஸ்.ஏ. கணபதி. 1948 மே கடைசியிலும் ஜூன் நடுவிலுமாக அரசு சங்கச் சட்டத்தைத் திருத்தியது. முதல் விதிப்படி, செயலாளர் தவிர மற்ற நிர்வாகிகள் அந்தத் தொழிலில் மூன்று ஆண்டாவது வேலை செய்திருக்க வேண்டும். இரண்டாவது விதி மிரட்டிப் பணம் பறித்தல் போன்ற குற்றங்களில் தண்டனை பெற்றவரைப் பதவியிலிருந்து விலக்கியது. மூன்றாவது விதிப்படி, ஒரே தொழிலைச் சேர்ந்த சங்கங்கள் மட்டுமே சம்மேளனமாகச் சேரலாம்.

படிக்கும்போது நியாயமான விதிகள் போலத்தான் தெரியும். தோட்டத்தில் என்ன ஆகும் என்று யோசித்தால்தான் பிடிபடும். கணக்கு எழுதவும், துரைக்கு (வெள்ளைக்கார மேலாளருக்கு) ஆங்கிலத்தில் கடிதம் எழுதவும், நிர்வாகத்தோடு பேசவும் தெரிந்தவர் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த ஆளாகத்தான் இருப்பார். முதல் விதி அவரை மேசையிலிருந்து எழுப்பிவிட்டது. மூன்றாவது விதி சம்மேளனத்தின் அடித்தளத்தையே எடுத்துவிட்டது, அதன் பதிவு மறுக்கப்பட்டது. இதெல்லாம் நடந்து முடிந்தபோது ஜூன் 16 இன்னும் வரவில்லை. அவசரகாலத்தில்தான் சங்கங்கள் ஒடுக்கப்பட்டன என்று பல கட்டுரைகளில் எழுதுகிறார்கள். கைதுகளைப் பொறுத்தவரை அது சரி, சட்டத்தைப் பொறுத்தவரை தவறு.

ஜூன் 16 உங்கள் ஊர்த் தேதி. அதிலும் ஒரு பிழை ஓயாமல் வருகிறது: ‘எல்பில் தோட்டத்தில் மூன்று துரைமார்கள் கொல்லப்பட்டார்கள்’ என்று எழுதுவது. தோட்டங்கள் இரண்டு. காலை எட்டரை மணியளவில் எல்பில் தோட்ட அலுவலகத்துக்குச் சைக்கிளில் வந்த மூவர் அதன் மேலாளர் ஆர்தர் வாக்கரைச் சுட்டுக் கொன்றார்கள். பெரட்டு (காலை ஆள்கணக்கு) முடிந்து பால்வெட்டுகிறவர்கள் காட்டில் இருக்கும் நேரம் அது. சற்று நேரத்தில் சில மைல் தள்ளி இன்னொரு தோட்டமான பின் சூனில், மேலாளர் ஜான் அலிசனும் அவருடைய இளம் உதவியாளர் இயன் கிறிஸ்டியனும் கட்டிவைத்துச் சுடப்பட்டார்கள். எல்பிலில் ஒருவர், பின் சூனில் இருவர் என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

அவசரகால அறிவிப்பும் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 16-ஆம் தேதி பேராக், ஜொகூர் மாநிலங்களின் சில பகுதிகளுக்கு, மறுநாள் அந்த இரண்டு மாநிலங்களுக்கும் முழுமையாக, 18-ஆம் தேதி கூட்டரசு முழுமைக்கும். ஒரு நூலில் 16, இன்னொன்றில் 18 என்று பார்த்துக் குழம்புவது இதனால்தான். எந்த இடத்துக்கான அறிவிப்பு என்பதைத் தேதியின் பக்கத்திலேயே குறித்துவிட்டால் குழப்பம் இல்லை.

ஜூலையில் பல நிகழ்வுகள், சுருக்கமாகவே எழுதலாம். பிரிட்டிஷ் ஆட்சியின் தலைமை அதிகாரியான உயர் ஆணையர் எட்வர்ட் ஜெண்ட் லண்டனுக்குத் திரும்ப அழைக்கப்பட்டு, ஜூலை 4-இல் அந்நகருக்கு அருகே வானில் விமானங்கள் மோதி இறந்தார். ஜூலை 16-இல் கம்யூனிஸ்டு இராணுவத் தலைவர் லாவ் யூ காஜாங் அருகே கொல்லப்பட்டார். ஜூலை 23-இல் கட்சி தடை செய்யப்பட்டது. அதே மாத அவசரகால விதிகள் விசாரணையின்றித் தடுத்துவைக்க அதிகாரம் தந்தன. அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் மரண தண்டனை. கணபதி தூக்கிலிடப்பட்டது இந்த விதியின் கீழ்தான். ஆனால் அது நடந்தது 1949 மே 4, புடு சிறையில். அவரை 1948 பட்டியலில் போடக் கூடாது. மே 3-இல் சுட்டுக் கொல்லப்பட்ட சங்கத் தலைவர் வீரசேனனும் 1949-தான்.

அந்த ஆண்டிலேயே 12 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பதிவு செய்து, படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டை கொடுக்கத் தொடங்கினார்கள். இன்று நம் பையில் இருக்கும் ஐசியின் வரலாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. பிள்ளைகளுக்கு இது சட்டென்று மனதில் நிற்கும், விடாதீர்கள்.

அக்டோபரில் ஹென்றி கர்னி புதிய உயர் ஆணையராக வந்தார். ஃபிரேசர் மலைச் சாலையில் அவர் கொல்லப்பட்டது 1951. காட்டோர மக்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய புதுக்கிராமங்களும், தோட்ட லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) சுற்றிய முள்வேலியும், கம்யூனிஸ்டுகளை மக்களிடமிருந்து பிரிக்கப் போட்ட பிரிக்ஸ் திட்டத்தோடு 1950-இல் தொடங்கியவை. இரண்டையும் 1948-க்குள் திணித்துவிடுவது வழக்கமான தவறு.

டிசம்பர் 12, சிலாங்கூரின் பத்தாங் காலி. இதை விட்டுவிட்ட பட்டியல் முழுமையானதல்ல என்பது என் உறுதியான கருத்து. அங்கிருந்த ரப்பர் தோட்டம் ஒன்றில் பிரிட்டிஷ் ராணுவத்தின் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் ஆண்களைத் தனியே பிரித்து, பெண்களையும் பிள்ளைகளையும் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, 24 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். தப்பி ஓட முயன்றதால் சுட்டதாக அரசு சொன்னது. 1970-இல் அந்தப் படைவீரர்களில் சிலரே அப்படி இல்லை என்று பத்திரிகையிடம் சொன்னார்கள். பொது விசாரணை கேட்டு உறவினர்கள் போட்ட வழக்கை 2015-இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இறந்தவர்கள் சீனர்கள். தோட்டத்தில் உழைத்துப் பிழைத்தவர்கள் என்பதால் நம் பிள்ளைகளும் இதைத் தெரிந்திருக்க வேண்டும்.

தேதிகளைச் சரிபார்க்க, சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் பழைய நாளிதழ்த் தளத்தில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் 1948 இதழ்களைத் தேடலாம். ‘சுங்கை’ என்ற சொல்லின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஐந்தாவது எழுத்து இன்று ‘ஏ’, அந்நாளில் ‘ஈ’. பழையபடி தட்டினால்தான் உங்கள் ஊர்ச் செய்திகள் வரும். இதழின் தேதியை நிகழ்வின் தேதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 16-ஆம் தேதி காலை நடந்தது 17-ஆம் தேதி இதழில்தான் இருக்கும். செய்திக்குள் ‘நேற்று’, ‘இன்று காலை’ என்று எப்படிப் போட்டிருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு, பிறகு தேதியை எழுதச் சொல்லுங்கள்.