மெத்தோட்ரெக்சேட்டை இப்போதே நிறுத்த வேண்டாம்

முடக்குவாதத்துக்கு அம்மா மூன்று வாரமாக மெத்தோட்ரெக்சேட் எடுத்தும் காலையில் விரல் மடங்கவில்லை, புற்றுநோய் மருந்தாமே, நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். இது வலி மாத்திரை இல்லை. சொந்த மூட்டையே தாக்கும் நோய் எதிர்ப்புச் செல்களின் ஆட்டத்தை அடக்குவது. பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை சமாளிக்கத்தான் பலருக்குக் கொஞ்ச நாள் ஸ்டீராய்டும் தருகிறார்கள். புற்றுநோய்க்கான அளவு பல மடங்கு அதிகம். முடக்குவாதத்துக்கு வழக்கமாக வாரம் 7.5 முதல் 25 மில்லிகிராம்தான்.

வாரம் ஒரே நாள், அதை மறக்கக் கூடாது. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. அட்டையிலேயே கிழமையை எழுதிவிடுங்கள். பக்கவிளைவைக் குறைக்கக் கூடவே தரும் வைட்டமினான ஃபோலிக் அமிலம் பெரும்பாலும் வேறு நாளில்தான். கல்லீரல், ரத்த அணுப் பரிசோதனைகளைத் தள்ளிப்போடாதீர்கள். வாய்ப்புண், காய்ச்சல், மூச்சுத்திணறல் வந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். அவரைக் கேட்ட பிறகுதான் அடுத்த மாத்திரை.