வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நடைபாதைவாசிகளுக்கு வீடு கிடைக்க, அன்னதானத்தையும் கம்பளி விநியோகத்தையும் தாண்டி உழைத்த தமிழர் எவரேனும் மும்பையில் உண்டா?
– வாசகி ஒருவர், தாராவி.

பதில்: உண்டு, ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்து மும்பைக்கு வந்த அவர், தாம் வாழ்ந்த ஜனதா காலனி என்ற குடிசைப்பகுதி 1976-இல் இடிக்கப்படும்வரை அதற்காகப் போராடியவர். தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பைத் தோற்றுவித்தவர். வாழ்வாதார உரிமை உயிர்வாழும் உரிமையின் பகுதியே என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டபோதும், உரிய அறிவிப்புக்குப்பின் நடைபாதைக் குடிசைகளை அகற்றலாம் என்றே தீர்ப்பளித்தது. அந்த நெருக்கடியில் பைகுல்லா நடைபாதைப் பெண்கள், ஸ்பார்க் என்ற தொண்டு நிறுவனத்தின் துணையோடு 'மகிளா மிலன்' அமைப்பாகத் திரண்டு, சிறுகச் சிறுகச் சேமித்தனர். அற்புதத்தின் கூட்டமைப்பும் அவர்களோடு கைகோத்தது. தங்கள் குடும்பங்களைத் தாங்களே கணக்கெடுத்து, அந்தப் பட்டியலோடு அதிகாரிகளிடம் பேசுவதே இக்கூட்டணியின் முக்கிய உத்தி. பட்டியலில் இல்லாத குடும்பத்துக்கு எந்த அரசும் சாவி தருவதில்லை அல்லவா! (இடிப்பதற்கு மட்டும் பட்டியல் தேவைப்படுவதில்லை.) அற்புதத்துக்கு 2000-இல் மகசேசே விருதும் 2011-இல் பத்மஸ்ரீயும் கிடைத்தன, 2018-இல் அவர் காலமானார். குடிசைக்கு ஈடாகத் தரப்படும் மாற்றுவீடு பிழைப்பிடத்திலிருந்து வெகுதொலைவில் அமைந்தால், வீட்டுவேலைக்குச் செல்லும் பெண்ணின் கூலியில் பெரும்பகுதியை ரயிலும் பேருந்துமே விழுங்கிவிடும் என்பதால், வீட்டின் பரப்பளவைவிட அது அமையும் இடத்தையே முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.