வேலையை விட்டுவிட்டு ஏத்தன் வாழை போடலாமா?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

சொந்த ஊர் களக்காடு. வயது 36. சென்னையில் ஒரே கம்பெனியில் 12 வருடமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனாலே மறுநாளை நினைத்து வயிற்றைக் கலக்குகிறது. ஊரில் அப்பா பெயரில் 2 ஏக்கர் தோட்டமும் கிணறும் மோட்டாரும் இருக்கின்றன. ஒரு ஏக்கரில் அப்பா நெல் போடுகிறார், மீதி தரிசு. வேலையை விட்டுவிட்டு வந்து 2 ஏக்கரிலும் ஏத்தன் (நேந்திரன்) வாழை போடலாம் என்று இருக்கிறேன். நீங்கள் தோட்டக்கலைத் துறையில் இருந்தவர். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னால் இதே தொழிலுக்குத்தான் வருவீர்களா? உள்ளதைச் சொல்லுங்கள்.

சு., சென்னை

அன்புள்ள தம்பி,

இதே தொழிலுக்குத்தான் வருவேன். ஆனால் இந்தப் பதிலை வைத்துக்கொண்டு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. கடைசி வரை நின்றவனிடம்தான் இந்தக் கேள்வி வருகிறது. நடுவில் கையைச் சுட்டுக்கொண்டு விலகியவனை யாரும் கேட்பதில்லை. களக்காட்டிலும் ஏர்வாடியிலும் திருக்குறுங்குடியிலும் ஏத்தன் போட்டு நிறுத்தியவர்களைத் தேடிப் பிடியுங்கள். லாபமா நஷ்டமா என்று கேட்டால் மழுப்புவார்கள். எத்தனையாவது மாதத்தில் கையில் காசு தீர்ந்தது என்று கேளுங்கள், சொல்லிவிடுவார்கள்.

ஏனென்றால் தொழில் மாறும்போது முதலில் மாறுவது பணம் வரும் தேதி. உங்களுக்கு இப்போது மாதம் பிறந்தால் சம்பளம். ஏத்தன் நட்டு, குலை தள்ள ஏழெட்டு மாதம். குலை முற்ற இன்னும் மூன்று மாதம். எல்லா வாழையும் ஒரே நாளில் குலை தள்ளாது என்பதால் வெட்டு ஒரு மாதத்துக்கு மேல் இழுக்கும். வியாபாரி கையில் காசு கொடுப்பது அதற்கும் பிறகு. ஆக, முதல் ரூபாயைப் பார்க்க ஒரு வருடம். அதற்குள் அடுத்த நடவுக்குச் செலவு ஆரம்பித்துவிடும். அதனால்தான் குறைந்தது 18 மாத வீட்டுச் செலவைத் தனியாக வங்கியில் போட்டு வையுங்கள் என்கிறேன். பிள்ளைகள் இருந்தால் பள்ளிக் கட்டணமும் அதில் சேர்த்தி. சாகுபடிச் செலவு இதற்கு வெளியே.

கணக்கு எளிது. 6 அடிக்கு 6 அடி நட்டால் ஏக்கருக்கு 1,200 வாழை. காற்றிலும் நோயிலும் போனது போக 1,000 தார் கிடைத்தால், தார் 10 கிலோ என்று வைத்தால் 10 டன். ஏக்கருக்கு 2 லட்சம் செலவானால் கிலோ 20 ரூபாய்க்கு விற்றால்தான் அசல் வரும். சொந்தக் கூலியும் அப்பாவின் கூலியும் இன்னும் சேரவில்லை. தண்டை எடையில் கழிப்பதையும், தரகையும், பிஞ்சுச் சீப்பை ஒதுக்குவதையும் போட்டுப் பாருங்கள்.

விலையைத் தீர்மானிப்பது கேரளம். ஓணத்துக்கு உப்பேரி (வாழைக்காய் சிப்ஸ்) போட ஏத்தங்காய் வேண்டும், ஆவணியில் விலை ஏறும். அதற்காக ஐப்பசி, கார்த்திகையில் நட்டால் குலை கனத்து நிற்பது சரியாக ஆனி, ஆடியில். முப்பந்தலிலும் பணகுடியிலும் காற்றாலைகளைச் சும்மாவா கொண்டுவந்து நட்டார்கள்? நல்ல விலைக்கான தார்தான் பலத்த காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். குலை தள்ளும் முன்பே, சாய்வுப் பக்கம் முட்டுக் கொடுத்துவிட வேண்டும். வாழைக்கு ஒரு கம்பு, ஏக்கருக்கு 1,200 கம்பு. முதல் வருடக் கணக்கில் பலரும் எழுத மறப்பது இதைத்தான். இத்தனையும் செய்து ஓணத்துக்கு வெட்டினால், அதே வாரம் வயநாட்டுக் காயும் வந்து விழுந்தால் விலை இறங்கும். அதற்கு மருந்து கிடையாது.

ஆகவே 2 ஏக்கர் வேண்டாம். தரிசில் அரை ஏக்கர், 600 கன்று. வேலையை விடாமல் ஒரு முழுச் சாகுபடி. தினசரி வேலையை அப்பாவும் ஓர் ஆளும் பார்க்கட்டும். நடவு, மூன்று, ஐந்து, ஏழாம் மாத உரம், முட்டு, வெட்டு ஆகியவற்றுக்கு நீங்கள் நிலத்தில் நிற்க வேண்டும். வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினால் சனிக்கிழமை தோட்டத்தில் இருக்கலாம். இந்தப் பயணமே அலுத்துப்போனால் அதுவும் ஒரு பதில்தான்.

கன்றில் ஏமாந்தால் மீதி பத்து மாதமும் வீண். வாங்க வேண்டியது வாள்கன்று. இலை ஒல்லியாக நீண்டு, அடி பருத்து, கிழங்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ இருக்கும். அகன்ற இலையோடு பார்க்க வளமாக இருப்பது நீர்க்கன்று. கிழங்கு சிறுத்திருக்கும், தொடாதீர்கள். குவியலில் நாலைந்தை எடுத்துக் கிழங்கைச் சீவிப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் சரி. பழுப்புப் புள்ளி இருந்தால் நூற்புழு, துளை ஓடியிருந்தால் கூன்வண்டு. அந்தக் குவியலையே விட்டுவிட்டு வாருங்கள். ‘மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கும்’ என்பார் விற்பவர். நல்ல கன்றிலும் வேரையும் மேல்தோலையும் சீவி, சூடோமோனாஸ் என்ற, நோயைத் தடுக்கும் நுண்ணுயிர்க் கரைசலில் நனைத்து நடுங்கள். நடவு அடைமழைக் காலம் என்பதால் வரிசைகளுக்கு இடையே வடிகால் வெட்டாமல் நட்டால் கிழங்கு அழுகும்.

உரத்தில் ஏத்தன் கேட்பது பொட்டாஷ். பொதுவான பரிந்துரைப்படி ஒரு வாழைக்கு 150 கிராம் தழைச்சத்து, 90 மணிச்சத்து, 300 சாம்பல்சத்து. கடைக் கணக்கில் யூரியா 325 கிராம், சூப்பர் பாஸ்பேட் 560 கிராம், பொட்டாஷ் அரை கிலோ. 600 வாழைக்கு பொட்டாஷ் மட்டும் 300 கிலோ, ஆறு மூட்டை. சூப்பரை மூன்றாம் மாதம் மொத்தமாகப் போடலாம். மற்ற இரண்டையும் மூன்று பங்காக்கி, தண்டிலிருந்து ஒரு அடிக்கு மேல் தள்ளிப் போட்டு மண் அணையுங்கள்.

ஐந்தாம் மாதத்திலிருந்து தண்டைத் தடவிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். ஊசித் துளையிலிருந்து பிசின் வடிந்தால் தண்டுக் கூன்வண்டு உள்ளே போய்விட்டது. குலை தள்ளும் நேரத்தில் அந்த வாழை நடுவில் ஒடியும். காய்ந்த சருகை அறுத்துவிடுங்கள், வண்டு ஒளிவது அதில்தான். வெட்டிய வாழைத்தண்டை நெடுக்காகப் பிளந்து அங்கங்கே கவிழ்த்து வைத்தால் வண்டு வந்து அடையும், காலையில் பொறுக்கிக் கொல்லலாம். உங்கள் தோட்டம் மலையடிவாரம் என்றால் காட்டுப்பன்றிக்கு வேலி தேவை. கன்று நட்ட மாதத்திலேயே கிழங்கைத் தோண்டிப் போட்டுவிடும்.

இனி சென்னைப் பக்கம். ராஜினாமா கொடுக்கும் முன்பே குடும்பத்துக்குத் தனி மருத்துவக் காப்பீடு எடுத்துவிடுங்கள். கம்பெனிக் காப்பீடு வேலையோடு போய்விடும், புதிய பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்பு 36 மாதம் வரை இருக்கலாம். பி.எஃப். பணம் வேறு, அதிலுள்ள பென்ஷன் பங்கு வேறு. 10 வருடம் தாண்டிய சர்வீஸ் என்பதால் பென்ஷன் பங்கைப் பணமாக எடுக்க முடியாது, சான்றிதழ் வாங்கி வைத்தால் 58 வயதில் பென்ஷன் வரும். பணிக்கொடைக்கு, கடைசி மாதச் சம்பளத்தில் அதற்குக் கணக்காகும் தொகையை 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து, சர்வீஸ் வருடத்தால் பெருக்குங்கள். அந்தத் தொகை 40,000 என்றால் 12 வருடத்துக்குச் சுமார் 2.77 லட்சம். அதைச் சாகுபடியில் போடாதீர்கள். சாகுபடிக்குக் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன் இருக்கிறது, தவணைக்குள் கட்டினால் வட்டி இல்லை. நிலம் அப்பா பெயரில் இருப்பதால் விண்ணப்பமும் அவர் பெயரில்தான் போகும்.

ஞாயிறு சாயங்கால வயிற்றுக் கலக்கத்தைப் பற்றி ஒன்று. அது அந்த வேலையாலா, அந்த மேலாளராலா என்று பிரித்துப் பாருங்கள். மேலாளர்தான் காரணம் என்றால் வேறு கம்பெனி போதும், வாழை வேண்டாம். தோட்டத்துக்கு ஞாயிறே கிடையாது. மும்முனைக் கரண்ட் ராத்திரி வந்தால் ராத்திரிதான் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. களக்காட்டில் குடியிருக்கப் போவது அவர்களும்தான்.

இந்த ஐப்பசியில் நடுவதாக இருந்தால் ஆவணியிலேயே மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். மண்ணை ஒரு அடி ஆழம் வரை பத்துப் பன்னிரண்டு இடத்தில் எடுத்துக் கலந்து அரை கிலோ. வரப்போரமும் எருக்குழிப் பக்கமும் எடுக்கக் கூடாது. தண்ணீரை, மோட்டார் பத்து நிமிடம் ஓடிய பிறகு ஒரு பாட்டில் பிடியுங்கள். நாங்குநேரி வட்டாரத்தில் சில கிணறுகள் உப்பு. உங்கள் கிணறும் அப்படியென்றால் ஏத்தன் பேச்சே வேண்டாம், வேறு பயிர் பேசுவோம்.